சுவருக்குள் ஒரு குரல்

மொட்டை மாடிக்குப் போகும் இரும்பு ஏணியில் அவன் இரண்டிரண்டு படியாகத் தாவிக்கொண்டிருந்தபோது, கீழே எங்கோ சுவருக்குள்ளிருந்து அலறல் கேட்டது.

"காத்தே இல்லய்யா! காத்து தீரப் போகுது! யாராவது இருக்கீங்களா?"

மழை முகத்தில் அறைந்தது. ஏழு மாடி ஏறிய மூச்சு நெஞ்சில் முட்டியது. லிஃப்ட் மோட்டார் அறையின் தகரக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தான். முதல் வேலை, மெயின் சுவிட்சை இறக்கினான். இரண்டாவது வேலை, தரையில் முட்டி போட்டான்.

மோட்டாருக்கு அடியில், கம்பிக் கயிறுகள் கீழே இறங்குவதற்காகத் தரையில் ஒரு ஓட்டை உண்டு. சாப்பாட்டுத் தட்டு அளவு. லிஃப்டுக்குள் இருக்கும் பேச்சுக் கருவி செத்து இரண்டு வருஷமாகிறது. கட்டடத்துக்காரர் மாற்றித் தரமாட்டேன் என்கிறார். அதனால் இவன் கண்டுபிடித்த வழி இது. ஓட்டையில் வாயை வைத்துப் பேசினால் குரல் ஏழு மாடியும் சுவருக்குள்ளேயே வழிந்து இறங்கும். கத்தக்கூட வேண்டாம்.

"டாக்டர், நான்தான். லிஃப்ட் மெக்கானிக். வந்துட்டேன்."

"வந்துட்டியா! மேலயா இருக்க? கீழயா?"

"மேல இருக்கேன். கரன்ட்டை நிறுத்திட்டேன். லிஃப்ட் இனிமே தானா அசையாது. கையாலதான் சுத்தி உங்களை நாலாம் மாடிக்கு ஏத்தணும். பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன். எங்கயும் போகல."

"காத்து..."

"காத்து ஊர்ப்பட்டது இருக்கு டாக்டர். மேல சந்து இருக்கு, கீழ சந்து இருக்கு. உங்க நாற்காலில உக்கார்றவங்ககிட்ட என்ன சொல்வீங்க? வாயைத் திறந்து மெதுவா மூச்சு விடுங்கம்பீங்க இல்ல? அதையே பண்ணுங்க."

பிறகு சுவருக்குள்ளிருந்து ஒரு நீண்ட பெருமூச்சு வந்தது.

ஐந்தாம் மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டருக்கு மூடிய இடமென்றாலே கிலி. பத்து வருஷமாகப் படியேறித்தான் போவார். இன்றைக்கு என்ன வந்ததோ, லிஃப்டில் கால் வைத்தார். வைத்த அன்றே மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் தொங்கிவிட்டது.

அவன் தொழிலில் ஒரு விதி உண்டு. முதலில் ஆள், அப்புறம்தான் கோளாறு. என்ன கெட்டது, ஏன் கெட்டது என்று தேடுவதெல்லாம் மாட்டியவர் வெளியே வந்த பிறகு. அதுவரை பேச்சை நிறுத்தக் கூடாது. பேச்சு நின்றால் உள்ளே இருப்பவர், தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொள்வார். பெரிய ஊர்களில் இதற்கு இரண்டு பேர். ஒருத்தர் சக்கரம் சுற்ற, ஒருத்தர் பேச. இந்தச் சின்ன ஊரில் இரண்டும் அவனே.

பிரேக்கை விடுவிக்கும் கம்பியை இடது கையால் அழுத்தி, வலது கையால் சக்கரத்தைச் சுற்றினான். ஐந்து சுற்று. கம்பியை விட்டான். குனிந்து ஓட்டையில் பேசினான். மறுபடி ஐந்து சுற்று. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மழையா வேர்வையா என்று அதற்கே தெரியாது.

"டாக்டர், பேசிட்டே இருங்க. நான் கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்தப் பேச? ஆமா, ஊரை விட்டுப் போறியாமே?"

"யார் சொன்னா?"

"உங்க சூப்பர்வைசர். போன வாரம் பல் பிடுங்கிக்க வந்தாரு. வாய் நிறையப் பஞ்சு. அதோட சொல்றாரு. பெரிய ஊருல நாற்பது மாடிக் கட்டடமாம், மீட்புக் குழுவாம், உன்னைக் கேட்டிருக்காங்களாம். பஞ்சை எடுத்த பிறகும் உன் பேச்சுதான்."

"கேட்டிருக்காங்க. இன்னிக்கு ஆறு மணிக்குள்ள பதில் சொல்லணும்."

"சம்பளம்?"

"ஒண்ணரை மடங்கு."

"வாடகை மூணு மடங்கு! என் தம்பி அங்கதான் இருக்கான். அவன் வீட்ல கட்டிலைப் போட்டா கதவு திறக்காது. கதவைத் திறக்கணும்னா கட்டிலை மடிக்கணும். விருந்தாளி வந்தா முதல்ல தம்பி பொண்டாட்டி வெளிய போய் நிக்கணும். சிரிக்காதே, நிஜம்."

"சிரிக்கல டாக்டர், மூச்சு வாங்குது." ஐந்து சுற்று. "அங்க ரெண்டு பேருக்கு வீடு கட்டுப்படியாகாது. விசாரிச்சுட்டேன். பன்னெண்டு மணி நேர ஷிஃப்ட் வேற."

"அப்போ உன் பொண்ணை என்ன பண்ணப் போற?"

சக்கரத்தின் மேல் இருந்த கை நின்றது. தகரக் கூரையில் மழை தடதடத்தது.

"ஏய்! போயிட்டியா?"

"இங்கதான் இருக்கேன்," என்றான் அவசரமாக. "ஹாஸ்டல்ல விடலாம்னு பார்க்கறேன்."

"அதுகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. இப்பதான் முதல் தடவையா வாய்விட்டுச் சொல்றேன். உங்ககிட்ட."

"அழாதா?"

"அழற ஜாதி இல்ல டாக்டர் அது. அவ அம்மா தவறி நாலு வருஷம் ஆச்சு. ஒரு நாள் என்னைத் தொந்தரவு பண்ணினதில்ல. தானே சமைக்கும், தானே துவைக்கும், தானே படிக்கும். நான் வீட்ல இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். வேலை வந்திருக்குன்னு சொன்னேன். 'உன் இஷ்டம்ப்பா'ன்னுச்சு. அவ்வளவுதான். நல்ல ஹாஸ்டலா பார்த்துச் சேர்த்துட்டா, அது பாட்டுக்கு இருந்துக்கும்."

கீழே எங்கோ ஒரு செருப்புச் சத்தம் படிகளில் வேகமாக இறங்கி ஓடுவது கயிற்று ஓட்டை வழியாக மெல்லக் கேட்டது. டியூஷன் பிள்ளைகளாக இருக்கும். இரண்டாம் மாடியில் டியூஷன் நடக்கிறது.

"இன்னும் முப்பது சுற்று டாக்டர். எண்ணுங்க."

டாக்டர் எண்ணினார். இருபத்தேழு வரும்போது குரலில் நடுக்கம் போயிருந்தது.

நாலாம் மாடிக்கு ஓடி வந்து, பாக்கெட்டிலிருந்த முக்கோணச் சாவியைக் கதவின் நெற்றியில் இருக்கும் துளையில் விட்டுத் திருப்பினான். இந்தச் சாவி எல்லாரிடமும் இருக்காது. லிஃப்ட் மெக்கானிக்கிடம் மட்டுமே இருக்கும். கதவு நகர்ந்தது. டாக்டர் சட்டைப் பொத்தான் அத்தனையும் கழற்றிவிட்டு, இரண்டு செருப்பையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செருப்பு எதுக்கு டாக்டர் கையில?"

"தெரியலய்யா. ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கணும் போல இருந்துச்சு," என்றவர், வெளியே வந்து தரையை மிதித்துப் பார்த்தார். "முழங்கால் வலின்னு இன்னிக்கு ஒரு நாள் ஏறினேன். இனிமே தவழ்ந்தாவது படியிலதான் போவேன். ஆனா ஒண்ணு. உன் குரல் இல்லாட்டி நான் உள்ளயே போயிருப்பேன்."

டாக்டர் படியேறிப் போனதும் அவன் கோளாறைத் தேடி இறங்கினான். தேடவே வேண்டாம். எங்கே இருக்கும் என்று அவனுக்கே தெரியும். மூன்றாம் மாடி.

எந்த மாடியிலாவது கதவு முழுசாகப் பூட்டிக்கொள்ளவில்லை என்றால், ஒரு விரல் இடைவெளி இருந்தால்கூட, லிஃப்ட் இருந்த இடத்தில் நின்றுவிடும். மூன்றாம் மாடிக் கதவு ஒரு விரல் திறந்திருந்தது. கதவு ஓடும் பள்ளத்தில், மடித்து மடித்துக் கட்டியாக்கப்பட்ட ஒரு மஞ்சள் காகிதம்.

அவன் காது சிவந்தது. மறுபடியும்.

இது அவன் யாரிடமும் சொல்லாத விஷயம். அந்த மஞ்சள் காகிதம் அவனுடைய ரிப்பேர் சீட்டு. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு எழுதுவான். நகலைக் கிழித்துப் பாக்கெட்டில் திணிப்பான். தன் பாக்கெட்டிலிருந்து விழுந்த குப்பைதான் லிஃப்டை நிறுத்துகிறது என்று முதல் தடவை பார்த்தபோதே முடிவு கட்டிவிட்டான். மெக்கானிக்கே குப்பை போட்டு லிஃப்டை நிறுத்தினான் என்றால் ஊர் சிரிக்காதா? எடுத்து வீசிவிட்டு, 'கதவுப் பள்ளத்தில் குப்பை' என்று மட்டும் எழுதினான். ஒவ்வொரு தடவையும் அதையேதான் எழுதினான். கட்டடம் பெருக்குபவள்மேல் பழியைப் போட்டான்.

அவளே துடைப்பத்தோடு படியில் வந்துகொண்டிருந்தாள்.

"என்ன தம்பி, இன்னிக்கும் நான்தான் குற்றவாளியா?"

"இல்லக்கா..."

"என்ன இல்லக்கா? தினம் ரெண்டு வேளை அந்தப் பள்ளத்தைப் பல் விளக்கற மாதிரி விளக்கறேன். பழைய டூத் பிரஷ் வாங்கி வச்சிருக்கேன் தெரியுமா? என் பல்லைக்கூட அப்படி விளக்கினதில்ல. நீ பாட்டுக்கு எழுதிட்டுப் போயிடற, கட்டடத்துக்காரர் என்னை நிக்க வச்சுக் கேக்கறாரு."

"மன்னிச்சுக்கக்கா. தப்பு என்மேலதான்."

அவள் துடைப்பத்தை இறக்கினாள். மன்னிப்பை எதிர்பார்த்திருக்கவில்லை. "அய்ய, விடு. உன்மேல எனக்கு என்ன கோவம்? உன் சத்தம் சுவத்துக்குள்ள கேட்டா நானே வேலையை விட்டுட்டு நிப்பேன். அந்தப் பொண்ணு மாதிரி."

"எந்தப் பொண்ணு?"

"டியூஷன் பொண்ணு ஒண்ணு. யூனிஃபார்ம் போட்டுட்டு, இதோ இந்தப் படியில உக்காந்திருக்கும். கதவுல காதை ஒட்ட வச்சுட்டு. லிஃப்ட் நிக்கிற அன்னிக்கெல்லாம் இருக்கும். இன்னிக்குப் பாதியிலயே எழுந்து ஓடிடுச்சு."

அவன் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தான். இத்தனை நாளில் ஒரு தடவைகூடப் பிரித்துப் பார்க்காததை இப்போது பிரித்தான். ஒரு பக்கம் அவன் கையெழுத்து, இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. பழைய சீட்டுக் கட்டுகள் வீட்டில்தான் இருக்கின்றன. மறு பக்கம் பென்சிலில் கணக்கு. கணக்கில் நாலைந்து ஏழுகள். ஒவ்வொரு ஏழின் இடுப்பிலும் ஒரு குறுக்குக் கோடு.

அவன் மனைவி ஏழு என்ற எண்ணை அப்படித்தான் போடுவாள். அவளைப் பார்த்து மகளும்.

போன் அடித்தது. சூப்பர்வைசர்.

"என்னப்பா, மறுபடி அதே லிஃப்டா? இதோட பதினோரு தடவை. உன் பேர்ல சிவப்புல நிக்கிறது இது ஒண்ணுதான். திரும்பத் திரும்ப வர்ற கோளாறை மூடாம யாரையும் வேற ஊருக்கு விடுவிக்கக் கூடாதுன்னு சட்டம். காரணம் கிடைச்சுதா?"

அவன் காகிதத்தை மடித்தான். "கிடைச்சிருச்சு சார்."

"அப்பாடா! எழுதி மூடு. ஆறு மணிக்கு மாத்தல் பட்டியல் மேல போகுது. சரியா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லிடு."

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் வீடு. மாடிப்படியில் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறினான். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஒரே காட்சி. மூன்றாம் மாடிக் கதவு. அதற்குப் பின்னால் ஒன்றுமே இல்லாத இருட்டுப் பள்ளம். கதவுமுன் பதினாலு வயசுப் பெண். பஸ் கம்பியை அவன் பிடித்த பிடியில் உள்ளங்கை கன்றிப் போயிருந்தது.

கதவைத் திறந்ததும் முட்டை பொரிக்கிற வாசனை. மகள் அடுப்பு முன் நின்றிருந்தாள். யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. பின்னலிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது.

குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க மஞ்சள் சீட்டுகள். அந்த வீட்டின் பேச்சு வார்த்தை எல்லாம் அதில்தான். 'வர நேரமாகும்.' 'சரி.' 'பால் திரிஞ்சுடுச்சு.' 'புதுசு வாங்கியாச்சு.' 'நாளைக்குப் பரீட்சை.' அதற்குப் பதில் சீட்டு இல்லை. இத்தனை நாள் அது அவன் கண்ணில் பட்டதில்லை.

கதவுக்குப் பின்னால் ஆணியில் இன்னொரு முக்கோணச் சாவி எப்போதும் தொங்கும். இப்போதும் தொங்கியது. விரலால் தொட்டான். ஈரமாக இருந்தது.

"பாப்பா."

அவள் திரும்பவில்லை. முட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"ஹாஸ்டல்னா எந்த ஊர்லப்பா?" என்றாள். "இங்கயா, அங்கயா?"

உலகத்தில் ஹாஸ்டல் பேச்சு தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தர் அவன். இன்னொருத்தர் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பல் டாக்டர்.

"கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?" குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. "மூணு மாடிப் பள்ளம்! கால் வழுக்கினா எலும்பு பொறுக்கணும்! எத்தனை தடவை? சொல்லு, எத்தனை தடவை திறந்தே?"

"ஒரு விரல்தான் திறப்பேன். நீதான் ஒரு நாள் தீப்பெட்டியை வச்சுக் காட்டினே, லிஃப்ட் எப்படி நிக்கும்னு."

"உள்ள மாட்டினவங்களை நெனச்சியா? அந்த மனுஷன் செத்துப் பிழைச்சாரு!"

"அவர் எப்பவும் படியிலதான்ப்பா போவாரு," என்றாள். அப்போதுதான் அவள் உதடு கோணியது. "அவர்னு தெரிஞ்சிருந்தா பண்ணியிருக்க மாட்டேன்."

அடுப்பை அணைத்தாள். முட்டையைத் தட்டில் போட்டு, ரொட்டியை வைத்து, இன்னொரு தட்டால் மூடி அவன் பக்கம் நகர்த்தினாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டுக்கொண்டாள். அழுகைச் சத்தம் வரவில்லை.

மணி ஆறாக ஏழு நிமிஷம். மேஜையில் உட்கார்ந்து சீட்டுக் கட்டைத் திறந்தான். கோளாறை மூடுவதென்றால் பதினோரு தேதியையும் வரிசையாக எழுத வேண்டும். போகாதே என்று வாய்விட்டுச் சொல்ல வராமல் இப்படிச் செய்திருக்கிறாள். கோளாறு தீராவிட்டால் விடமாட்டார்கள் என்று அவளுக்கு யார் சொன்னார்களோ? அவனேதான் ஒரு நாள் போனில் புலம்பியிருப்பான். பின்னாலிருந்து தேதிகளை எழுதிக்கொண்டே போனான். இந்த மாசம் இரண்டு. போன மாசம் ஒன்று. அதற்கு முன் மாசம்...

பேனா நின்றது.

வேலைக் கடிதம் வந்து மூன்று வாரம்தான் ஆகிறது. முதல் தேதி பதினோரு மாசத்துக்கு முந்தையது.

போன் அடித்தது. ஆறு.

அவன் எழுந்து போய் மகளின் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்துகொண்டுதான் அதை எடுத்தான்.

"என்னப்பா, பட்டியலை அனுப்பட்டுமா? சரியா, இல்லையா?"

"சார், ஒரு ஆள் உள்ள மாட்டிட்டிருக்காங்க."

"எங்க? எனக்கு ஒண்ணும் புகார் வரலையே!"

"புகார் வராது சார். முதல்ல ஆள், அப்புறம்தான் மத்ததெல்லாம். என் பேரை எடுத்துடுங்க."

"யோவ், நல்லா யோசிச்சுச் சொல்லு. இன்னொரு தடவை கேக்கமாட்டாங்க."

"தெரியும் சார். எடுத்துடுங்க."

போனைத் தரையில் கவிழ்த்து வைத்தான். கீழே சைக்கிள் கடைக்காரர் ஷட்டரை இறக்கும் சத்தம். மழை விட்டு, கூரையிலிருந்து சொட்டு மட்டும் விழுந்துகொண்டிருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், தரையோடு ஒட்டி, யாரோ உட்காரும் ஓசை. இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவு.

"நான் எங்கயும் போகலன்னு சொல்லிட்டேன் பாப்பா. கேட்டுச்சா?"

"ம்."

"ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்க மாட்டேன். நான் போறதைத் தடுக்கத்தான் நீ லிஃப்டை நிறுத்தினதா நெனச்சேன். தேதி ஒத்துவரல. கடிதம் வந்து மூணு வாரம். நீ பதினோரு மாசமா நிறுத்தியிருக்கே. எதுக்கு?"

அவன் அவசரப்படுத்தவில்லை. காத்திருப்பது அவனுக்குப் பழக்கம்தான்.

"முதல் தடவை நான் பண்ணலப்பா," என்றது கதவு. "அது நிஜமாவே கெட்டு நின்னுச்சு. கூரியர் அண்ணன் ஒருத்தர் மாட்டிக்கிட்டாரே, அன்னிக்கு. நான் டியூஷனுக்குப் படியேறிட்டிருந்தேன். சுவத்துக்குள்ளேருந்து உன் சத்தம் வந்துச்சு. முக்கால் மணி நேரம். நீ ஜோக் சொன்னே. அவர் ஊரு கேட்டே, சாப்பிட்டாரான்னு கேட்டே, பயமா இருக்கான்னு கேட்டே."

மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அம்மா போனதுக்கப்புறம் நீ அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லப்பா. அதான், மறுபடியும் கேக்கலாம்னு நிறுத்தினேன். யாருகிட்டப் பேசினாலும் நீ நடுநடுவுல ஒண்ணு சொல்லுவே இல்ல, 'நான் இங்கதான் இருக்கேன், எங்கயும் போகல'ன்னு. அந்த இடம் வர்றதுக்காகத்தான் உக்காந்திருப்பேன்."